இரண்டு வீட்டில் எண்ணப்பட்ட ஒரே பிள்ளை

அனுப்புநர்:
பராஸ்கோவியா இவான்,
க/பெ. காலஞ்சென்ற நிக்கொலாய் இவான்,
ஆற்றங்கரை வரிசை, கடைசிக்கு முந்தின வீடு,
குயிகாக் கிராமம், அலாஸ்கா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கரையோரக் கிராமங்கள் இடமாற்ற அலுவலகம்,
மாநிலத் தலைநகர்.

பொருள்: பெங்கூக் மேட்டில் கட்டப்படும் வீடுகளின் முதல் பட்டியலில் திரு. வாசிலி ஆண்ட்ரூ குடும்பத்தை நிறுத்தி வைத்ததை நீக்கி, அவர்களை இந்தக் கோடையிலேயே மேட்டில் ஏற்றக் கோருதல் தொடர்பாக.

பார்வை: “ஒரே குழந்தை, இரண்டு குடும்பங்கள்” என்று தலைப்பிட்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். சென்ற வசந்தத்தில் தாங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டவள் நான்தான். தங்களுடன் வந்த விஞ்ஞானி பெருந்தன்மையாகக் குரலை உயர்த்திப் பேசினாராம், நானும் உயர்த்தினேனாம். காலையெல்லாம் கடல்நாய்த் தோல் சுரண்டிவிட்டு வந்த உடம்பு, போதாததற்கு ஹீட்டர். படிக்கிற காலத்திலேயே அந்தக் கட்டடத்துக்குள் போனால் எனக்குத் தூக்கம்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்றதற்கும் அதுதான் காரணம். எழுந்ததும் எல்லாரும் போட்ட தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். “விளக்கங்களைக் கேட்டுப் புரிந்துகொண்டேன்” என்று அதன் தலையில் அச்சடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கையெழுத்தைப் பொய்யென்று தள்ளிவிடவும். இந்த மனுவில் உள்ளதெல்லாம் மெய்.

2. கூட்டத்தில் காட்டிய படத்தை எனக்கு விளக்கியவர் மேற்படி வாசிலி ஆண்ட்ரூ. கடைசி வீடு அவனுடையது, எனக்கு அடுத்த வீடு. என் மாமன் மகன், ஆகவே மச்சான் முறை. அந்த முறை உள்ளவர்களைக் கிண்டல் செய்யாமல் விடுவதுதான் எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. அதனால் அவனை இந்த மனுவில் “அவன்” என்று எழுதுவதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் சொன்ன விளக்கம் இது: “படத்துல ஒரு செவப்புக் கோடு மேல போச்சுடி. நம்ம வீடு கீழ போச்சு. அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு நீ கொட்டாவி விட்டுட்டு அவ்வளவு தூரம் வந்த? வாசப்படியிலயே ஒக்காந்து பாத்திருக்கலாமே.”

3. அது சரியான விளக்கம்தான். என்றைக்கும் உறைந்து கிடந்த மண் வீட்டுக்கடியில் இளகிக்கொண்டே போகிறது. என் வீடு ஆற்றைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது. கிண்ணத்தில் சூப் ஊற்றினால் ஒரு பக்கம்தான் நிறைகிறது. போன இலையுதிர்காலப் புயலில் வாசிலியின் மீன் புகைபோடும் கொட்டகை கரையோடு போய்விட்டது. புயல் கொண்டுபோன கொட்டகைக்கு உதவி உண்டு, மெல்ல இளகும் மண்ணுக்குக் கிடையாது, அது பேரிடர்க் கணக்கில் வராது என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சட்டம் அப்படியென்றால் அப்படித்தான். ஆனால் எங்கள் வீடுகளுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. அவை மெல்லத்தான் போகின்றன.

4. எனக்கு ஒரே மகன். கோயிலில் வைத்த பெயர் சிமியோன். எங்கள் பேச்சில் அங்கல்காக். பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு, நட்சத்திரம் சுமந்து வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவோம். பிறகு பக்கத்து ஊருக்கும் போய்ப் பாடுவோம். ஆற்றின் மேல்தான் வழி. அந்த மாதத்தில் உறைந்த ஆறுதான் எங்களுக்குச் சாலை, லாரி போகும். ஐந்து வருஷத்துக்கு முன் நட்சத்திர நாட்களில் மழை பெய்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மகன் பனிவண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்று, “ஐஸ குத்திப் பாக்குற கோல எடுத்துக்கிட்டியாடா?” என்று கேட்டேன். “எடுத்துக்கிட்டேம்மா. உன் நாக்கு மாதிரி கூராத்தான் இருக்கு” என்றான். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இது. என்னைப் போலவே வாய்.

5. மேலே குத்தினால் திடமாகத்தான் இருந்ததாம். அடியில் தண்ணீர் அரித்திருக்கிறது. உள்ளே போன வண்டியை எடுத்தார்கள். கோல் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. வசந்தத்தில் ஆறு உடைந்து ஓடத் தொடங்கியதும் வாசிலி படகில் கழிமுகம் வரை போய்த் தேடினான். திரும்பி வந்து என் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். நான் கொடுத்த தேநீரைக் குடித்தான். என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று.

6. அந்தக் கோடையில், சால்மன் மீன் ஆற்றில் ஏறும் மாதத்தில், வாசிலியின் மனைவி அகஃபியாவுக்குப் பெண் பிறந்தது. இறந்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம். பெயரோடு ஆளும் வந்துவிடுவார். விரலைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்து, அங்கல்காக் என்று கூப்பிட்டார்கள். நெடுந்தூரம் வந்தவனுக்குத் தாகமாக இருக்குமல்லவா, அதற்காக. “ஆத்தோட போனவனுக்கே தாகமா? நல்லா இருக்கே கதை” என்று வாசிலி சொன்னான். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. நான் சிரித்தேன், அழுதேன். எது முதலில் என்று ஞாபகமில்லை.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை எனக்கு மகன். பூப்போட்ட மேலங்கி போட்டுக்கொண்டு சடை பின்னியிருந்தாலும் மகன்தான். அகஃபியாவையும் அம்மா என்று கூப்பிடும், என்னையும் அம்மா என்று கூப்பிடும், இரண்டு வீட்டிலும் அடம் பிடிக்கும். கருவாட்டில் வால்துண்டுதான் வேண்டும், அதுவும் கடல்நாய் எண்ணெயில் முக்கி. அவனும் அப்படித்தான். ஆற்றோரம் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதம்மா, நான் பாத்து நடக்குறேன்” என்று எனக்குத் தைரியம் சொல்லும்.

7. தங்கள் அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க வந்த செல்வி டார்சி நல்ல பெண். என் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தவர். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். “வீட்டுல எத்தனை பேரும்மா?” என்று கேட்டார். “ரெண்டு பேரு. நானும் என் மகனும்” என்றேன். மகன் அப்போது மேசைமேல் உட்கார்ந்து, தான் பெரியவனாக இருந்தபோது போட்ட பழைய ரோமத் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு வால்துண்டு தின்றுகொண்டிருந்தான். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார். அங்கே மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். இருந்திருந்தால் இருபத்தெட்டு. அதைச் சொல்வதா, இதைச் சொல்வதா? நாலு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் அடுத்த வீட்டுப் படியேறுவதற்குள் பிள்ளை குறுக்கே ஓடிப்போய் அங்கேயும் உட்கார்ந்துவிட்டது. அகஃபியாவும், “எங்களுக்கு ஒரே பிள்ளை, அங்கல்காக், நாலு வயசு” என்றிருக்கிறாள். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இரண்டும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

8. கடிதம் வந்தது. ஒரு குழந்தையை இரண்டு குடும்பத்தார் காட்டி முறைகேடு செய்ய முயன்றதாகத் தோன்றுகிறது, ஆகவே விசாரணை முடியும்வரை இரண்டு வீடுகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்று அதில் இருந்தது. வாசிலி அதை உரக்கப் படித்துவிட்டு, “இத்தனை வருஷம் ஒன்ன மீன் திருடின்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன். நீ பிள்ளை திருடின்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு” என்றான். நானும் விடவில்லை. “ஒன் மூஞ்சிக்கு இப்படி ஒரு பிள்ளைன்னா எந்த கவர்மெண்டுடா நம்பும்?” என்றேன். சிரித்தோம். பிறகு அகஃபியா எழுந்துபோய், கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சன்னல் வழியாகப் பார்த்தாள்.

9. செல்வி டார்சி எனக்காக இரங்கித் தொலைபேசியில் கூப்பிட்டார். “இது சின்ன விஷயம்தான். ‘அந்தக் குழந்தை என் மகன் இல்லை’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கம்மா. அவங்க வீடு உடனே பட்டியல்ல ஏறிடும். நீங்க மட்டும் தனி ஆளா கடைசிப் பட்டியலுக்குப் போயிடுவீங்க” என்றார். கடைசிப் பட்டியல் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். “அந்தக் குழந்தை” என்று எழுதினேன். “என் மகன்” என்று எழுதினேன். கடைசிச் சொல் வரவில்லை ஐயா. அடுத்த நாளும் உட்கார்ந்து பார்த்தேன். என் மகன் இல்லை என்று ஊரார் என்னிடம் ஒருமுறை ஆற்றங்கரையில் சொல்லிவிட்டார்கள். அதை நானே என் கையால் இன்னொரு முறை சொன்னால், அவன் எங்கே போவான்?

10. இதை வாசிலியிடம் சொன்னேன். மேட்டில் ஏறவேண்டியது அவன் பெண்டாட்டி, அவன் பிள்ளை. அவன் என்னை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. “எழுதாதடி. ஆத்துல போறதுன்னா ரெண்டு வீடும் சேந்தே போகட்டும். போற வழியிலயாவது ஒன் வாய் மூடுதான்னு பாக்குறேன்” என்றான். சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போகிறேன் என்று வெளியே போனான். வெகுநேரம் வரவில்லை. விறகு உள்ளேதான் இருந்தது.

11. தங்கள் திட்டத்தில் கல்லறைகளையும் மேட்டுக்கு மாற்றப்போவதாக அறிந்தேன். நல்ல காரியம். கரை இடிந்து சவப்பெட்டிகள் தெரிவதைப் பார்க்கிற துக்கம் யாருக்கும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களைப் புதுப் பெட்டியில் எடுத்துப்போக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். என் கணவர் நிக்கொலாய் அப்படிப் போவார். என் மகனுக்குக் கல்லறை இல்லை. எடுத்துப்போக எலும்பு இல்லை. அவனிடம் மிஞ்சியது அந்தப் பெயர் மட்டும்தான், அது நாலு வயதுக் கால்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குத் தாங்கள் பெட்டி தர வேண்டாம். அவனே நடந்து ஏறுவான். ஏற விடுங்கள், அது போதும்.

12. ஆகவே, கேட்ட அந்த வரிக்குப் பதிலாக, என்னால் எழுத முடிந்ததை எழுதுகிறேன். மேற்படி பிள்ளையைப் பெற்றவள் அகஃபியா. பிள்ளை படுத்துத் தூங்குவது வாசிலி வீட்டில். காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது அவர்கள்தான். இவை உண்மை. இதற்கு மேல் ஒரு சொல் கேட்டாலும் என்னிடம் இல்லை. இதைக்கொண்டு அந்தக் குடும்பத்தின் பெயரைத் திரும்ப முதல் பட்டியலில் சேர்த்து, மரச்சட்டங்களோடு முதல் சரக்குப் படகு வரும்போது அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து இறக்க உத்தரவிட வேண்டுகிறேன். என்னைத் தாங்கள் எந்தப் பட்டியலில் வேண்டுமானாலும் போடலாம். பக்கத்து மனையைக் கொஞ்ச காலம் காலியாக விட்டுவைக்க முடிந்தால் விட்டுவையுங்கள். முடியாவிட்டால் எங்கேயாவது சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில். என் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அந்தக் கூட்டத்திலேயே தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் இருவரையும் விசாரிக்க வேண்டுமென்றால் தாங்களே ஒருமுறை நேரில் வாருங்கள். கருவாடு இருக்கிறது. வால்துண்டு மட்டும் கிடைக்காது. இந்த முறை தூங்காமல் கேட்பேன்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
பராஸ்கோவியா இவான்

இடம்: குயிகாக்
நாள்: மே 11, ஆறு உடைந்த மறுநாள்

கையொப்பம் பற்றிய குறிப்பு: மேலே கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவை மேசையில் வைத்தேன். வீடு குனிந்திருப்பதால் அது ஆற்றுப் பக்கமாக உருண்டு, தரையில் விழுந்து, அடுப்புக்கடியில் போய்விட்டது. கோலை விட்டுத் துழாவியும் வரவில்லை. ஆகையால் கையொப்பம் சிவப்புக் கலர் பென்சிலில் உள்ளது. பென்சில் என் மகனுடையது.