குறைந்த கரண்டில் கேட்ட வயலின்

இன்று மதியம் கரண்டு குறைந்து கடை ஃபேன் முனகத் தொடங்கியது. பீங்கான் பொம்மைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்லாமல் ஃபேனையே அண்ணாந்து பார்த்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

நம் மகள் புதுச்சேரி ஹாஸ்டலில் படித்தபோது, பள்ளித் தேர்வுக்கு மேல்நாட்டு இசையை ஒரு பாடமாக எடுத்தாள். மேலே படிப்பதும் அதுதான் என்றாள். "இத வச்சு சோறு திங்க முடியுமா?" என்றேன். "ஏங்க, உங்க பொம்மைய வாங்கிட்டுப் போறவங்க அதத் திங்கவா போறாங்க?" என்று நீ கேட்டாய்.

பரீட்சை லீவுக்கு ஒரு கேசட்டோடு வந்தாள். தேர்வில் கொஞ்சம் ஒலிக்கவிட்டு நிறுத்துவார்களாம். எந்த இசை, என்ன கருவி என்று எழுத வேண்டும். ஆங்கிலம் தெரியாத நீதான் அவளுக்குப் பரீட்சை வைத்தாய். அவள் யோசிப்பதற்குள் நீயே சொல்லிவிடுவாய்: "பெரிய வயலினு கீழ அழுவுது பாரு."

"நீயே போயி எழுதிட்டு வந்துடும்மா!" என்பாள் அவள்.

சுற்றிலும் பீங்கான் பட்டறைகள். மண் அரைக்கும் மோட்டார்கள் ஓட ஓட நம் வீட்டில் விளக்கு மங்கும், டேப் இழுத்து இழுத்துப் பாடும். அந்த இசையே அப்படித்தான் என்று மூன்று பேரும் நம்பினோம்.

தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அங்க எல்லாப் பாட்டும் வேகமா ஓடுதும்மா. ஒண்ணுகூட அடையாளம் தெரியல."

மேலே இசை படிக்க இடம் கிடைக்கவில்லை. பி.காம். சேர்ந்தாள். "நான்தாங்க கெடுத்துட்டேன்" என்று நீ சொன்னபோது, கரண்டு செய்த வேலைக்கு நீ என்ன பண்ணுவாய் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள், "நெசத்துல அது எப்படித்தாங்க இருக்கும்?" என்றாய். "பாப்பா வூட்டுக்கு வந்தா போடச் சொல்றேன்" என்றேன். அவள் அந்த இசையைத் தொடவே இல்லை. நீயும் கண்ணை மூடிவிட்டாய்.

போன தீபாவளிக்குத்தான் மகள் அதைச் செல்போனில் போட்டுக் காட்டினாள். துள்ளிக்கொண்டு ஓடுகிறது. அசல் சரக்கு இதுதான் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் நீ கேட்காததை நான் மட்டும் உட்கார்ந்து கேட்க மனம் வரவில்லை. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அவளுக்கு நீ பரீட்சை வைத்த நாட்களில் ஓரமாகப் பில் எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அந்தக் கேசட் முழுதும் பாடமாகிவிட்டது. சரக்கு ஏற்றிக்கொண்டு வேப்பூர் பக்கம் போகும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும், பாட்டு நீ கேட்ட வேகத்தில்தான் வருகிறது.