பலகையைப் பிடுங்கியவன்

என் வீட்டு மகாராணிக்கு,

உனக்கும் மகனுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குப் பாதம் தவிர எல்லாம் சௌக்கியம்.

போன வாரம் வாசலுக்குச் செங்கல் வளைவு கட்டினேன். கலவை இறுகும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கச் சென்ட்ரிங் பலகை இருக்க வேண்டும். எங்கள் இன்ஜினியர், டை கட்டிய கழுதை, முதலாளிக்குப் படம் அனுப்ப மறுநாளே அதைப் பிடுங்கச் சொன்னான். மூன்று செங்கற்கள் என் காலில் இறங்கின. பாதத்திலும் ஒரு வளைவு உண்டாம்; அதில் விரிசலாம். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் பிரிக்கக்கூடாது என்றார்.

மறுநாளே அந்த மேதாவி என் அறைக்கு வந்தான்.

"கட்டைப் பிரிச்சிட்டு வேலைக்கு வாப்பா."

"இதுவும் வளைவுதான் சார். இறுகட்டும்."

விழித்தான். அவன் படிப்பு அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு நடக்க நடக்கத்தான் பாதத்தில் வளைவு வருமாம். மகனின் பாதத்தை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்து அனுப்பு. எவ்வளவு நடந்திருக்கிறான் என்று பார்க்கிறேன்.

மாத்திரைக்கு நேரமாகிவிட்டது.

உன் நொண்டிக் கொத்தனார்