கருவாட்டுக் குரல்

சாம்பாய்,
செப்டம்பர் 19

அன்புத் தங்கை லுபுயிக்கு அக்கா தன்பாரி எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்னோடும் உன் வீட்டாரோடும் இருப்பதாக.

அப்பா நலம். இதை முதலில் எழுதாவிட்டால் நீ பதறிப்போவாய். அடுப்படியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, குழம்பில் உப்பில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இனி பயப்படாமல் படி. போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய். அதனால்தான் ஷில்லாங் போகும் வண்டிக்காரரிடம் கருவாட்டு மூட்டையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

தப்பு என்னுடையது. செவ்வாய்க்கிழமை, சரிவில் இருக்கும் நம் இஞ்சிக்காட்டைப் பார்க்கணும், கூட வா என்றார் அப்பா. கடைக்குச் சில்சாரிலிருந்து கருவாட்டுச் சரக்கு வந்து இறங்கிய நாள். "நாளைக்குப் போலாம்ப்பா, இஞ்சி எங்கயும் ஓடிடாது" என்றேன். இஞ்சி ஓடவில்லை. எண்பத்தொரு வயதுக்காரர், கண்ணும் மங்கல், தனியாகக் கிளம்பிவிட்டார். மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. போன வாரம் மண் சரிந்து அந்தப் பாதையில் பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது. ஒரு அடி தப்பினால் முடிந்தது கதை.

இளைஞர் சங்கத்தார் கயிற்றோடு இறங்கினார்கள். எந்தப் பக்கம் தேடுவதென்று தெரியாமல் இரண்டு முறை திரும்பி வந்தார்கள். பிறகு நம் ஆட்கள் எதற்கும் செய்வதைச் செய்தார்கள். மேட்டில் கூடி நின்று பாடினார்கள். சபைப் பாடகர் குழு மொத்தமும், நான்கு குரலும் பிரித்து, மேளத்தோடு. அப்பா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்துவிடுவார் என்று நம்பினார்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நியாயம்தான். நம் ஊரில் கைக்குழந்தைகூடச் சுருதியோடுதான் அழும். வீட்டுக்கு வந்த பாட்டையெல்லாம் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். "பாரியக்கா, நீ வாய மட்டும் அசைச்சா போதும்" என்று ரின்சுவாலா பாடகர் குழுவுக்குத் தலைவனான முதல் நாளே என்னிடம் கெஞ்சியது உனக்கு நினைவிருக்கும். சாவு வீடோ கல்யாண வீடோ, எனக்கு டீ போடுகிற வேலைதான். அன்றைக்கும் கெட்டிலோடு ஓரமாக நின்றேன். ஜெபமாவது செய்யலாம் என்றால், சபை மூப்பர்களைப் போல எனக்கு வார்த்தை வருமா? எனக்குத் தெரிந்தது வியாபாரம். அப்படியே பேசினேன்.

"ஆண்டவரே, என்கிட்ட இருக்கிறது இந்தத் தொண்டை ஒண்ணுதான். இருபத்தஞ்சு வருஷம் கருவாடு வித்துத் தேஞ்சது. மட்டச் சரக்கு, நல்லதுன்னு பொய் சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேன். வேணும்னா எடுத்துக்கோங்க."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் உறைத்தது. பாட்டு எதிர்மலையில் மோதித் திரும்பி, மேகத்துக்குள் நிறைந்து, எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. சந்தையில் பத்துப் பேர் சேர்ந்து கூவினால் எந்தக் கடை எங்கே என்று எவனுக்கும் தெரியாது. ரின்சுவாலாவிடம் போய், நிறுத்து என்றேன்.

"பாட்ட நிறுத்துறதா? ஆண்டவருக்குப் பாடுறோங்க்கா!"

"ஆண்டவருக்கு வழி தெரியும்டா. எங்கப்பாவுக்குத்தான் தெரியல."

மூப்பர் சங்லியானா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை உயர்த்தினார். மேளம் நின்றது. நான் மேட்டின் நுனியில் நின்று, கடையில் கூவுகிற மாதிரியே, "கருவாடூ! சில்சார்க் கருவாடூ!" என்று ஆரம்பித்தேன். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். அரைமணி நேரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. கீழேயிருந்து பதில் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தொண்டையில் ரத்த ருசி தெரிந்தபோது, "கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பிக் கேக்க மாட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி கூவினேன்.

அப்போதுதான் இடப்பக்கம், தூரத்தில், மெலிதாக: "என்னடி விலை?"

லுபுயி, கெட்டிலைக் கீழே போட்டுவிட்டேன்.

நான் கூவ, அவர் விலை கேட்க, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே கயிற்றோடு போய்த் தூக்கி வந்தார்கள். பள்ளத்துக்கு நான்கு அடி இந்தப் பக்கம் ஒரு பாறையில் சாய்ந்து, நனைந்து, நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் அவர் சொன்னதைக் கேள். "நாலு பக்கமும் பாட்டு. சரி, செத்துட்டோம், பரலோகம் வந்தாச்சு, இனி எதுக்கு நடக்கணும்னு உக்காந்துட்டேன். அப்புறம் உன் சத்தம். பரலோகத்துல எவடி கருவாடு விப்பா? அட, இன்னும் பூமியிலதான் இருக்கோம்னு விலை கேட்டேன்." ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. ரின்சுவாலா மட்டும், அப்பா தன் பாட்டைப் பரலோகப் பாட்டு என்றதை எல்லோரிடமும் தனியாகச் சொல்லித் திரிகிறான்.

ஊரிடம் சொல்லாத ஒன்றை அப்பா என்னிடம் சொன்னார். அம்மா அங்கேதானே போயிருக்கிறாள் என்று, அந்தப் பாட்டுக்குள் முதலில் அவள் குரலைத் தேடினாராம். பிறகு உன் குரலை. "சின்னவ குரல் இல்ல. அப்பாடா, அவ நல்லாத்தான் இருக்கான்னு நிம்மதியாச்சு" என்றார்.

நீ இந்த வீட்டுக்கு வந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. உன் கல்யாணத்தின்போது, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், அவர் வாய் அப்படி. ஆனால் நேற்று அடுப்படிக்கு இரண்டு முக்காலி செய்யச் சொல்லியிருக்கிறார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

எனக்கு இப்போது பேச்சே வரவில்லை, கடையில் சைகைதான். டிசம்பரில் நீங்கள் வருவதற்குள் சரியாகிவிடும். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் பத்திரமாக நடத்துவாராக. வழி மறந்திருந்தாலும் கவலைப்படாதே. மேட்டில் நின்று கூவுகிறேன்.

உன் அக்கா,
தன்பாரி