செல்லோடேப் ஒட்டிய கல்யாணக் கேசட்

என் செல்ல சேகரா, அக்கா பெற்ற அதிசயமே,

நீ போன பிறகு பூலோகத்தில் நடந்ததையெல்லாம் உனக்குத் தெரிவிக்கும் பொறுப்பு, தாய்மாமன் என்ற முறையில் என் அகன்ற தோள்களில் விழுந்திருக்கிறது. குரோம்பேட்டை ரயில்வே கேட் இன்னும் மூடித்தான் இருக்கிறது. நீ பிறந்த அன்று மூடியதாக ஞாபகம். நாகல்கேணிக் கிணறுகளில் தோல் தொழிற்சாலைத் தண்ணீர் மஞ்சளாகத்தான் ஊறுகிறது. நீ அதைப் படம் பிடித்துத் தெருத்தெருவாகக் காட்டிய பெருமையில் இப்போது கொஞ்சம் ஆரஞ்சு நிறமும் சேர்ந்திருக்கிறது.

உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்களே, பார்த்தாயா? தலைமை, நலச் சங்கத் தலைவரும் உன் அப்பாவும் என் மச்சானுமாகிய மாமன்னர். அஸ்தினாபுரத்தின் நாலு தெருவை ஆளுகிறவர். தான் கனைத்தால் திருநீர்மலையில் படுத்திருக்கும் பெருமாளே எழுந்து உட்காருவார் என்று அவருக்கு நினைப்பு. அன்று ஒரு பிரமுகர் மைக்கைக் கடித்துக்கொண்டு, "ஊர் கல்யாணமெல்லாம் வீடியோ எடுத்தவரு, கலைக்காகத் தன் கல்யாணத்தையே தியாகம் பண்ணிட்டாரு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டிய முதல் ஜீவராசிகள் இவர்களாகத்தான் இருக்கும்.

தியாகமாம்! தாம்பரம் ஸ்டேஷன் டீக்கடையில் நீ என்னிடம் சொன்னது எனக்கல்லவா தெரியும்?

"மாமா, பொண்ணு பாக்கறத நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்."

"அப்போ அந்த ஜாதகக்காரன் பொழப்பு என்னடா ஆவறது?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது. அன்றிலிருந்து உனக்கு வந்த வரன்களையெல்லாம் நானே விரட்டினேன். பெண் வீட்டாரிடம் நான் அவிழ்த்துவிட்ட பொய்களில் உனக்கு வராத வியாதியே இல்லை.

நீ எடுத்த படங்களிலேயே இவர்களுக்குக் குமட்டியது அந்தக் கடைசிப் படம்தான். ரோஸியும் வசந்தாவும். சானடோரியம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிற பெண்கள், உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள். தோழிகள் என்று நினைத்தவரை உன் அப்பாவுக்குத் தங்கமான பிள்ளைகள். புருஷன் பெண்டாட்டி மாதிரி வாழ்கிறார்கள் என்று தெரிந்ததும், "குடும்பம் இருக்கிற இடம்" என்று சங்கத்தைக் கூட்டிப் பட்டப்பகலில் காலி பண்ண வைத்தார். அதே சங்கத்தில் வேலைக்காரியைக் கை நீட்டி அடிப்பவர் உண்டு, பெற்ற தாயைக் கார் ஷெட்டில் படுக்க வைத்தவர் உண்டு. அதெல்லாம் குடும்பம்! சாமான் ஏற்றிய டெம்போவின் மேல் உட்கார்ந்து அந்த இரண்டு பெண்களும் பேசியதை, கல்யாணம் எடுக்கிற கேமராவில் நீ எடுத்தாய்.

படம் முடிந்ததும், கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை ஸ்குரூடிரைவரால் நெம்பி உடைத்தாய். அது உடைந்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. "இனிமே இது சாகாது மாமா" என்றாய்.

நீயல்லவாடா செத்துப்போனாய்? ஒரு மஞ்சள் காமாலைக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

உன் வருஷ திவசம் முடிந்து தங்கச்சி கலாவுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர் நான்தான். தாம்பாளங்களின் வரிசை மண்டபத்தில் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை போயிற்று என்றால் நீ நம்ப மாட்டாய், நம்பாதே. பிறகு கல்யாணக் கேசட்டின் பிரதி ஒன்று எனக்கு வந்தது. என் அழகை நானே ரசிக்கப் பலகாரத்தோடு உட்கார்ந்தேன். முகூர்த்தம், சீர், பந்தி. கலா அழுதுகொண்டே கார் ஏறினாள். திரையில் ஒரு நிமிஷம் வெறும் புள்ளிகளாக மழை பெய்தது.

அப்புறம் உன் குரல்.

"பயமா இல்லையா ரோஸி?"

"இன்னாத்துக்கு பயம்? இன்னாத்த திருடிகினு போறோம்? மூஞ்சி நல்லா தெரியறாப்பல எடு சேகரு."

வசந்தா, ரோஸியின் மடியிலிருந்த குடத்தில் கை வைத்துக்கொண்டு, நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கடைசிப் படத்துக்கு மிச்சமிருந்த ஒரே பிரதிமேல் கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்கள், சேகரா. கல்யாணம் தீர்ந்த இடத்தில் உன் படத்தின் வால் மட்டும் தப்பியிருக்கிறது. கேட்டால் மச்சான், "அவசரத்துல ஏதோ கைக்கு வந்தது மாப்ளே" என்கிறார். கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். நீ உடைத்த பல் இருந்த ஓட்டையின்மேல் செல்லோடேப், ஓரமெல்லாம் கத்தரித்து ஒட்டியிருக்கிறது. கருவி அதைப் பல் என்று ஏமாந்து பதிந்துவிடும். அவசரத்தில் எவனடா கத்தரிக்கோல் தேடுவான்? பெற்ற பிள்ளையை இவ்வளவு நேர்த்தியாகப் புதைத்த மகானை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதுவும் என் சீர்த்தட்டுகளை வைத்து!

இப்போது விதியின் கருணையைக் கேள். மாமன்னரின் சொந்தக் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். தலைதீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருகிறார்கள், என் பிரதியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கடைசிவரை பார்க்கும் பழக்கம் அவருக்கு எதிலும் கிடையாது. இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், அதையும் அவர் தொட மாட்டார். ரேஷன் கார்டைத் தவிர அவர் எதையும் படித்ததில்லை.

கலாவிடம் மட்டும் போட்டுக் காட்டினேன். உன் குரல் வந்ததும் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் என் கல்யாணத்துக்கு வந்திருக்கான் மாமா. அன்னிக்கு யாரையும் பாதியில எழுந்திருக்க விடாதீங்க" என்றாள்.

ரோஸியையும் வசந்தாவையும் தேடிப் போனேன். இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். விஷயத்தைச் சொல்லி, "வேணாம்னா இப்பவே சொல்லிடும்மா" என்றேன்.

"போடு மாமா. மூஞ்சி தெரியணும்னுதான சொன்னேன்?" என்றாள் ரோஸி.

வசந்தா, "சேகரண்ணன் குரல் கேக்குமா?" என்றாள்.

கேட்கும். செல்லோடேப்பை இன்று காலை பிய்த்து எறிந்துவிட்டேன். தீபாவளியன்று அந்த இரண்டு பேரும் முன்வரிசையில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். திரையில் கல்யாணம் முடிந்து கூட்டம் எழுந்திருக்கும்போது, நான் வாசற்படியில் நாற்காலி போட்டு அமர்வேன். என் உடம்பைத் தாண்டி ஒருவன் வெளியே போக வேண்டுமானால் துறைமுகத்திலிருந்து கிரேன் வர வேண்டும். நீ பேசி முடிக்கிறவரை நான் நகர மாட்டேன். இது சத்தியம்.

கலா கல்யாணத்தில் சீர் சுமந்த, உனக்கும் ஒரு சீர் பாக்கி வைத்திருக்கும்,
உன் தாய்மாமன்