கொசுறு நீளம்

இன்று காலை கடையில் நூல்கண்டு தீர்ந்துபோக, மேசையின் அடி இழுப்பறையைக் குடைந்தேன். அப்பளக் கட்டுக்குச் சுற்றுகிற வெள்ளை நூலில் ஒரு துண்டு கிடைத்தது. அதில் மூன்று முடிச்சு. மூக்கருகே கொண்டுபோனேன். காபிப்பொடி வாசனையையும் மீறி பிரேக் ஆயில் நெடி இன்னும் இருக்கிறது. நீ போட்ட முடிச்சுகள். பவானிபூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், அப்பள நூலால் ஜீப்புக்கு அளவெடுத்த பெண் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நான் காபிப்பொடியும் அப்பளமும் விற்கிற கடைக்காரன், நீ வங்கி அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஹவுராவில் மெக்கானிக் தபன்தாவின் பட்டறைதான் கோயில். ஸ்பானர் என் கையில், ஸ்டியரிங் உன் கையில். "பொண்டாட்டி ஓட்டுறா, புருஷன் போல்ட் முடுக்குறான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். சேற்றிலும் பாறையிலும் நீ அந்த வண்டியை ஏற்றுகிற அழகை அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

பாறையில் சக்கரம் கூடுதலாக ஏறி இறங்க வேண்டுமென்று நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. வண்டிச் சட்டத்திலிருந்து சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் எட்டவில்லை. நீ வண்டியைச் செயின் புல்லியில் தொங்கவிடச் சொன்னாய். அதற்கு முன், தரையில் நிற்கும்போதே நூலில் ஒரு முடிச்சு. சக்கரம் முழுக்க இறங்கித் தொங்கும்போது ஒரு முடிச்சு. தொங்கியபடியே ஸ்டியரிங்கை முட்டும் வரை திருப்பி மூன்றாவது.

"மூணாவது முடிச்சுதாங்க நீளம். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்" என்றாய். ஹோஸ் போகிற வழியையும் மாற்றினாய். டயர் பக்கம் எட்டிப் பார்க்காமல், உள்பக்கமாகக் கம்பியோடு ஒட்டிப் போகவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாய்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். நான்தான் கட்டினேன். ஆனால் என் கை கடைக்காரன் கை. எடை போட்டபின் ஒரு பிடி கூடுதலாகப் போடாவிட்டால் அதற்கு ஆறாது. மூன்றாவது முடிச்சுக்கு மேல் நாலு விரல் கூடுதலாக விட்டேன். நல்லதுதானே, இருக்கட்டுமே என்றுதான். உன்னிடம் சொல்லவும் இல்லை.

புருலியாவில் நடந்த ஜீப் பந்தயத்தில் மூன்று சுற்று முடிந்தபோது நீதான் முதலிடம். கடைசிச் சுற்று செங்குத்தான பாறைச் சரிவில் இறங்குவது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் செய்வதுபோல் செம்மண்ணில் மல்லாந்து வண்டிக்கடியில் போனாய். "நான் கட்டினதுதானே, எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்குற?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க கட்டினதாலதாங்க பாக்குறேன். வேற யாராவது கட்டியிருந்தா வண்டியில ஏறியே இருக்க மாட்டேன்."

வெளியே வந்தபோது உன் முகம் மாறியிருந்தது. கூடுதல் நீளம் வெளிப்பக்கமாக வளைந்து, டயரில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளே இழை தெரிந்தது. பத்து நிமிஷந்தானே அண்ணி, இழுத்துக் கட்டிவிட்டு இறங்குங்கள் என்று தபன்தா வங்காளத்தில் கெஞ்சினார். நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, போகவில்லை என்று சொல்லிவிட்டாய். மைக் பிடித்தவர் யார் தவறு என்று கேட்டார். "நான்தான் சரியாகப் பார்க்கவில்லை" என்றாய், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. நான் உனக்கு இரண்டடி பின்னால்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் தபன்தா பிரேக்கை ஓங்கி மிதித்தார். மூன்றாவது மிதியில் ஹோஸ் பிய்ந்து, ஆயில் என் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. நீ என்னையே பார்த்தாய். "காபிப்பொடிக்குத்தாங்க கொசுறு. பிரேக்குக்கு இல்ல." அவ்வளவுதான். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரு தரம்கூட நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

நம் மகள் அடுத்த மாதம் அதே வண்டியில் அதே சரிவுக்குப் போகிறாள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி அச்சு அசல் நீ. போன வாரம் புது ஹோஸ் கட்டிக் கொடுத்தேன். இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு, நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படகேறி ஹவுரா போனேன். வண்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அம்மா அன்னிக்கு பிரேக்கைப் பாக்க மறந்துட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா. நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. நீ மறந்தவளா? முதல் பரிசைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று திரும்பி நடந்தவள் நீ. உன்னைப்போல் ஒருத்தி என் மனைவியாக இருந்தாள் என்பதில் எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாயை மூடியிருந்தேனே, அதுதான் வெட்கம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், நாலு விரல், மைக், இரண்டடி பின்னால் நின்றது, எல்லாம். தபன்தாவுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் புரியட்டும் என்று இன்னொரு முறை வங்காளத்திலும் சொன்னேன். தபன்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து நீட்டினேன். மகள் வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் நீங்கதானே கட்டினீங்க?"

"ஆமா."

"அளவு?"

"நூல் இல்லாமத்தான். அந்த அளவு என் கையிலேயே படிஞ்சிருக்கு."

"அப்ப பாத்தே ஆகணும்." சாக்கை விரித்து வண்டிக்கடியில் போனாள். "ஸ்டியரிங்கைத் திருப்புங்கப்பா. முழுசா."

முட்டும் வரை திருப்பினேன். கீழே நூலை ஹோஸோடு சேர்த்துப் பிடித்து அளந்தாள். அப்புறம் உன் குரல் மாதிரியே ஒரு குரல் வந்தது.

"மூணாவது முடிச்சுப்பா. சரியா இருக்கு."