முறுக்குப் பிரித்த கம்பிகள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது மாடி முடிந்தது. புது ஆஸ்பத்திரிக் கட்டடம். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று நான் முப்பத்தோரு நெட்வொர்க் இணைப்பு முடித்தேன். மச்சான் நாற்பத்தாறு. டெஸ்டரில் செருகிப் பார்த்தபோது என்னுடையதில் நான்கு தவறு காட்டின. அவனுடையதில் ஒன்றுகூட இல்லை. மேலாளர் அவன் தோளைத் தட்டி, "இது கை இல்லப்பா, மெஷினு" என்றார். எனக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

மனைவியின் தம்பி ஆயிற்றே என்று இவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே நான். கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் வந்தவன்.

மார்ச் 5

முதுகு வலி. பாதி நாள் ஏணியிலேயே போயிற்று.

மார்ச் 9, திங்கள்

அடுத்த கட்டடத்துக்கு சூப்பர்வைசர் போடப்போகிறார்களாம். இந்தக் கம்பெனியில் எனக்குப் பதினான்கு வருஷம். மேலாளர் தனியாகக் கூப்பிட்டபோது, சரி, நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது இது: "உங்க மச்சான் ஆளு எப்படி? பத்துப் பேரைக் கட்டி மேய்ச்சிடுவானா?"

என்னிடமே கேட்கிறார்!

"மேய்ப்பான் சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 12, வியாழன்

அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேபிளின் மேலுறையை உரிக்கிறான். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள். கண் எங்கோ இருக்கிறது. கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு ஜோடியையும் தடவுகிறது. அப்புறம்தான் பிரித்து, வரிசையில் வைக்கிறான்.

"என்னடா, கையாலயா பாக்குற?"

சுற்றும்முற்றும் பார்த்தான். "அக்கா சொல்லியிருப்பாளே மாமா. எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேற. பச்சை நெருக்கமா இருக்கும், பழுப்பு கொஞ்சம் தளர்வு. ஜோடிக்கு ஒண்ணு வெள்ளை கலந்தது, அது எதுன்னு கண்ணே காட்டிடும். அப்புறம் என்ன?" சிரித்தான். "உங்ககிட்டங்கறதால சொல்றேன்."

கல்யாணமான வருஷமே அவள் சொல்லியிருந்தாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

இல்லை. மறக்கவில்லை.

அவன் போனபிறகு நானும் ஒரு கேபிள் துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மார்ச் 13

ஆஸ்பத்திரி வேலை. ஏதாவது இசகுபிசகானால் உயிர் சம்பந்தப்பட்டது. நிறம் தெரியாதவனை வைத்து வேலை வாங்கலாமா? — நியாயமான கேள்விதானே இது?

இதுவரை அவன் ஒரு தப்பும் செய்ததில்லை. அது வேறு விஷயம்.

மார்ச் 17, செவ்வாய்

முடித்துவிட்டேன். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி எஞ்சினியர் பார்வையிட வருவதாக நேற்றே தெரியும். காலையில் சீக்கிரம் போய் மூன்று துண்டுக் கேபிள் தயார் செய்தேன். ஒரு முனையை நானே சரியாக முடித்தேன். மறுமுனையில் எட்டுக் கம்பியின் முறுக்கையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ டிரைவர் தண்டில் வைத்து இழுத்தேன். நெளிவே இல்லை. குச்சி மாதிரி நின்றன.

எஞ்சினியரும் மேலாளரும் வந்ததும், "நம்ம மச்சான் வேகத்தை நீங்க பாக்கணும் சார்" என்று அவன் கையில் கொடுத்தேன். "கம்பியைக்கூட நானே பிரிச்சு வெச்சுட்டேன்டா, உனக்கு வேலை மிச்சம்."

கட்டைவிரல் ஒருதரம் ஓடியது. மறுபடியும் ஓடியது. நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

புரிந்துகொண்டுவிட்டான். வேறு கேபிள் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? கடைசி நிமிஷத்திலாவது நான் வாங்கிக்கொள்வேன் என்று பார்த்தானோ?

முடித்தான். டெஸ்டரின் இரு பெட்டிகளிலும் செருகினேன்; இரண்டிலும் ஒரே எண் விளக்கு எரிய வேண்டும். இந்தப் பெட்டியில் ஆறு எரிந்தபோது அந்தப் பெட்டியில் எட்டு எரிந்தது.

"அவசரத்துல மாறிடுச்சு. இன்னொண்ணு போடு" என்றேன்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் டூல் நழுவி எஞ்சினியரின் ஷூ மேல் விழுந்தது. அப்போது சொன்னேன்: "சார், இவனுக்கு நிறம் தெரியாது. பிறவியிலேயே. சொந்தக்காரன்னு இத்தனை நாள் மறைச்சது என் தப்பு." குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று சொல்ல முடியாது, உண்மையாகவே தழுதழுத்தது.

மேலாளர் முகம் கறுத்துவிட்டது. அத்தனை ஆட்கள் முன்னால், "இதுல பச்சை எதுன்னு காட்டுப்பா" என்றார்.

யோசித்து, ஒன்றைத் தொட்டான். பழுப்பு.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 18

அவனை நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

மனைவி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "தானே வாய் தவறி உளறிட்டேன்னு சொல்றான். அவன் உளற மாட்டான். இது தெரிஞ்சவங்க மூணே பேருங்க. அவன், நான், நீங்க."

"சாப்பிடும்போது என்ன பேச்சு?" என்றேன்.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எதற்காம்? பெரிய மனுஷத்தனமா? எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

அவன் முடித்ததையெல்லாம் மறுபடி சோதிக்கச் சொன்னார் மேலாளர். இரண்டு நாள், நானும் டெஸ்டரும் மட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டும் சரி. ஒரு விளக்குகூட இடம் மாறவில்லை.

போகிற போக்கில் என் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்பது தவறு.

அறிக்கையில் 'முடித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த ஒன்பதுக்கும் நேராக அவன் பெயரை எழுதினேன். ஒன்பதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

"நல்லவேளை, நேரத்துல சொன்னீங்க" என்றார் மேலாளர்.

ஏப்ரல் 1

சூப்பர்வைசர் ஆனேன். வீட்டில் சொன்னேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

மத்தியானம் வீட்டில் இருந்தபோது போன். வேறொரு கேபிள் கம்பெனி. மச்சான் அங்கே வேலை கேட்டிருக்கிறான். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். என் நம்பரை! இவனுக்குப் புத்தி என்று ஒன்று உண்டா?

"ஆளு எப்படிங்க? நம்பி எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. எனக்கு இனி என்ன நஷ்டம்? நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் அவன் அங்கே போய், நாலு வருஷத்தில் ஒரு பெரிய ஆளாகி, என்றைக்காவது ஒரு நாள் எதிரே வந்து நின்றால்...

"பையன் தங்கம்ங்க. ஆனா நிறம் தெரியாது. இங்க ஒன்பது இணைப்பு கோளாறு. ரிப்போர்ட்டே இருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவருகில் அவள் நின்றிருந்தாள், துவைத்த துணிக்கூடையோடு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடையதை மட்டும். என் சட்டைகள் கூடையிலேயே கிடந்தன. பெட்டி நிறைந்துவிட்டது, மேலே உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தம்பி வீட்டுக்கா?"

தலையை அசைத்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுப்புல பால் இருக்கு. ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்றாள்.

இப்போது மணி பதினொன்று. பாலில் ஆடை படிந்துவிட்டது.