சொல்லாமல் எடுத்த பந்து

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
12.2.2025

அன்பும் மதிப்பும் உள்ள ரூபினி அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் சரளா எழுதுவது. நீங்களும் பாப்பாவும் ஆம்பூரில் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இந்த வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் அண்ணன் காதில் விழுந்துவிடும். கண் போனபிறகு அவர் காது அப்படி ஆகிவிட்டது. பேனா சத்தம் மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை.

விபத்துக்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை நீங்கள் பார்த்தீர்கள். தட்டை வீசி உங்களைப் போகச் சொன்னார், நீங்கள் போனீர்கள். அதில் உங்களைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் போனபிறகு எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மொட்டை மாடிக் கதவுக்கு அம்மா ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்கள். அது இன்னும் தொங்குகிறது.

ஜூலையில் சேஷகிரி சார் வீட்டுக்கு வந்தார். பார்வையில்லாதவர்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவர். பந்துக்குள் மணி மாதிரி ஏதோ உருளும், அந்தச் சத்தத்தை வைத்து ஆடவேண்டும். குருடனுக்கு எதுக்கு சார் பந்து, கிலுகிலுப்பை போதாதா என்று அண்ணன் அவரைக் கிண்டல் செய்தார். ஆனால் மறுநாளே பழைய பூட்ஸைத் தேடச் சொன்னார். இப்போது சாப்பிடுகிறார். பாப்பா பேசுகிறதா என்று கேட்கிறார். மார்ச்சில் மாநில அணிக்கு எடுப்பார்கள், அவர் பெயர் முதலில் இருக்கிறது.

எனக்கும் அங்கே வேலை உண்டு. எதிரணிக் கோலுக்குப் பின்னால் நின்று நம் ஆட்களுக்கு வழி சொல்லிக் கத்தவேண்டும். காலேஜில் பெயர் கூப்பிட்டால் எஸ் மேடம் சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது. என்னை அந்தக் காலேஜில் சேர்க்கத்தான் அண்ணன் லீக் ஆட்டத்தை விட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குப் போனார். அதனால் கத்தக் கற்றுக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பந்தை எடுக்கப் போகிறவர் 'வோய்' என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். வருகிறேன் என்று அர்த்தமாம். சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ஆள் வருவதே தெரியாது.

அண்ணன் அந்தக் காலத்தில் எப்படிப் பந்தை எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியும். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வருவார். கிரவுண்டில் அவருக்குப் பூனை என்றே பெயர்.

போன ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில் ஜீவனஹள்ளிக் கவின் எதிரணி. வயது பத்தொன்பது, பிறவியிலேயே பார்வை கிடையாது. கோல் பக்கத்தில் அவன் காலில் பந்து இருந்தது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு வந்தார். மூச்சைக்கூடப் பிடித்திருந்தார். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். கவின் திரும்பினான், அண்ணன் நெற்றி அவன் கன்னத்தில் இடித்தது. எலும்பு உடைந்துவிட்டது. இடது காது இப்போது கேட்கவில்லை. அவனுக்குக் காது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

நான் வோய் சொன்னேன், அவன்தான் கவனிக்கவில்லை என்கிறார் அண்ணன். பக்கத்தில் கிரிக்கெட் சத்தம். சேஷகிரி சார் மறுபக்கம் இருந்தார். ஆடுகிறவர்களில் கீப்பருக்கு மட்டும் கண் தெரியும், அவன் பந்தைத்தான் பார்த்தானாம். எல்லோரும் அண்ணனையே நம்புகிறார்கள். கவனமில்லாதவன் என்று கவினை மாநில அணிப் பட்டியலிலிருந்து நீக்கப் பார்க்கிறார்கள். அவன் அம்மா லட்சுமம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அங்கதானே நின்ன, சொல்லும்மா என்றார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று வழக்கம்போல் என் தோளில் கை வைத்து நடந்து வரும்போது அண்ணனும் கேட்டார், நான் சொன்னேன்ல சரளா, உனக்குக் கேட்டுச்சில்ல என்று. ம் என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அண்ணி. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்தது. நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம். அண்ணன் ஒருமுறை பழைய மாதிரி பந்தை எடுக்கட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

23ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிரவுண்டில் விசாரிக்கிறார்கள். பார்த்ததைச் சொல்லப்போகிறேன், நான் சும்மா இருந்ததையும் சேர்த்து. அதற்குப்பிறகு அவரை ஆடவிடமாட்டார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்களைத் திரும்பி வந்து குடும்பம் நடத்துங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் வாருங்கள். பாப்பா வந்தால் நல்லது. நான் பேசி முடித்தபிறகு அவர் என் தோளில் கை வைக்கமாட்டார். கிரவுண்டிலிருந்து வீட்டுக்கு மூன்று ரோடு கடக்கவேண்டும். கூட்டிக்கொண்டு வர ஒருவர் வேண்டும்.

பாப்பாவை அந்த அம்மன் நன்றாக வைத்திருக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சரளா